மஞ்சள் மருந்தும் ஒரு கரண்டி நெய்யும்

"குடிக்க மாட்டேன்" என்றார் ஜேசுராஜ். "சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டை வயித்துக்குள்ள ஊத்தணும்னா வேற ஆளப் பாரு."

மனைவி இருதயம்மாள் நீட்டிய கோப்பையில் மருந்து கெட்டியாக, மஞ்சளாக நின்றது. அட்டோவாகுவோன் என்று பெயர். ஜேசுராஜுக்குச் சிறுநீரகம் மாற்றி ஒரு வருடம் ஆகிறது. அதற்காகச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்த நேரம் பார்த்து, மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஒரு கிருமி அவர் நுரையீரலில் குடியேறிவிட்டது. முதலில் கொடுத்த மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்துப்போனதால் இந்த மருந்து. காலை, மாலை, இருபத்தொரு நாள்.

"உங்க தங்கச்சி குடுத்த கிட்னிங்க. அவளுக்காகவாவது குடிங்க."

"கிட்னியோட நாக்கையும் குடுத்திருந்தா குடிச்சிருப்பேன். வச்சிட்டுப் போ."

அவள் நகர்ந்ததும் மருந்தை வாஷ்பேசினில் கவிழ்த்தார். வெள்ளைப் பேசின் மஞ்சளானது. தோள் துண்டால் துடைத்தார். துண்டும் மஞ்சளானது. துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியே வீசினார். அது பக்கத்து வீட்டுத் தியாகராசன் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் போய் விழுந்தது.

அடுத்த நிமிடம் தியாகராசன் துண்டோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, என்ன இது இவ்ளோ மஞ்சளா இருக்கு? காமாலையா?"

"அதெல்லாம் இல்லப்பா. மருந்து குடிச்சேன், வாந்தி வந்துடுச்சு."

இருதயம்மாள் காதில் அது விழுந்தது. "வாந்தியா? அப்ப ஆஸ்பத்திரியில படுக்கவச்சு ஊசியிலதான் ஏத்துவாங்க. சட்டையப் போடுங்க, கிளம்பலாம்."

ஊசி என்றதும் ஜேசுராஜின் குரல் இறங்கியது. "வாந்தியெல்லாம் இல்ல. கீழ ஊத்திட்டேன்."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். திட்டாமல் போனதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மெல்லப் பின்னால் போய் நின்றார். உள்ளே அவள் ஃபோனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"ஷமீரா சிஸ்டர், நெய் சேர்ந்த சாப்பாட்டோட குடிச்சாத்தான் மருந்து உடம்புல ஒட்டுமா? ஐயோ, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஒரு வருஷமா எண்ணெய், நெய் கண்ணுலயே காட்டாம வச்சிருக்கேன்."

ஜேசுராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"டாக்டர் எழுதினது எனக்கு. மறைக்க நீ யாரு? பொங்கல் வை. நெய் மிதக்கணும்."

"ஒரு கரண்டிதான் ஊத்துவேன்."

"ஊத்து. யார் தடுத்தாலும் இன்னையிலேர்ந்து நான் குடிக்கத்தான் போறேன்."

குடித்தார். இருபத்தொரு நாளும், அவள் கூப்பிடும் முன்பே, கோப்பையைக் கையில் பிடித்தபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மருந்து வாயில் பட்டதும் முகம் கோணும்; ஆனால் இருதயம்மாளைப் பார்த்ததும் நிமிர்ந்துவிடுவார். "உரிமைய விட்டுக் குடுக்கக் கூடாதுப்பா" என்று தியாகராசனுக்கும் பாடம் நடத்தினார்.

இருபத்திரண்டாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு தெளிந்திருந்தது. இருதயம்மாள் மாத்திரை வாங்கப் போன நேரத்தில், நர்ஸ் ஷமீராவிடம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"என் பொண்டாட்டி உங்ககிட்ட ஃபோன்ல பேசி நெய் விஷயத்த அமுக்கப் பாத்தா சிஸ்டர். கையும் களவுமாப் புடிச்சேன். எதிர்த்து நின்னதாலதான் பொழச்சேன்."

ஷமீரா ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவர் கையிலிருந்து அவிழ்த்தாள்.

"எனக்கு எந்த ஃபோனும் வரலியே சார். நெய் விஷயத்த அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். 'நேரா சொன்னா கேக்க மாட்டாரு, மறைச்சாத்தான் குடிப்பாரு, நான் பாத்துக்கறேன்'னாங்க."