யாரையும் நம்பாத பம்பு

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அதை மூழ்காமல் காப்பது நீர்வாரியத்தின் தலையாய கடமை. அக்கடமையைச் செவ்வனே ஆற்றும் பொருட்டு, வாரியத்தின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி டீடெரிக் ஓர் ஆணை பிறப்பித்தார். இனி வாரியத்தின் கணினிகள் அனைத்தும், பம்பை ஓட்டும் கணினி உட்பட, பெட்டியிலிருந்து எடுத்த நிமிடம் முதல், மற்ற கணினிகளை அந்நியராகவே கருதும்.

அந்த வாரமே அடைமழை. பம்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வீட்ஸ்கா போன் போட்டாள்.

"டீடெரிக், தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சுங்க. நீங்க அனுப்புற உத்தரவை பம்பு கேக்க மாட்டேங்குது."

"கேக்காதும்மா. நம்மளையே உள்ள விடலைன்னா, திருடனை விடுமா?"

"திருடன் வரல. தண்ணிதான் வருது."

"தண்ணி நெட்வொர்க் வழியா வரலியே?"

வீட்ஸ்கா போனை வைத்துவிட்டு சுவிட்சைக் கையால் தட்டினாள். பம்பு ஓடியது, ஊர் பிழைத்தது. அதற்குள் பண்ணைக்காரர் ஹார்மெனின் மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டன. மறுநாள் வீட்ஸ்காவிடம் வாரியம் விளக்கம் கேட்டது: அடையாளம் உறுதி செய்யப்படாத கையொன்று பம்பைத் தொட்டது எப்படி?

"பாதுகாப்பாம் பாதுகாப்பு! எல்லாத்தையும் தொறந்து விடுய்யா!" என்று ஹார்மென் வாரியத்தின் வாசலில் நின்று கத்தினார். ஊரே கூடக் கத்தியது. வாரியம் மக்கள் குரலுக்குச் செவிசாய்த்து, எல்லாக் கருவிகளும் எல்லாரையும் நம்பட்டும் என்று மாற்றி அமைத்தது.

நம்பிய பம்புக்கு, கணினியால் அடிக்கும் பள்ளிக்கூட மணியோடு சிநேகம் உண்டாயிற்று. மணிக்குப் போகும் உத்தரவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, பாடவேளைக்குப் பாடவேளை ஓடியது. கால்வாய் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்தன. வாத்துகள் நடந்து போயின.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும்.

வீட்ஸ்கா எழுந்தாள். "யாரை நம்பணும்னு மெஷின் நம்மளையே கேக்கட்டுமே. நாம படிச்சுப் பாத்துச் சொல்லுவோம்."

"அதானே, நாம என்ன முட்டாளுங்களா?" என்றார் ஹார்மென். மண்டபமே கைதட்டியது.

போனிலேயே ஓட்டெடுப்பு. 'ஊர் மண்டபம்' என்ற வைஃபை இணைப்பு தெரிந்தது. இதை நம்புகிறீர்களா என்று ஒவ்வொரு போனும் கேட்டது. டீடெரிக் முதலில் 'ஆம்' என்று அழுத்தினார், பிறகு நாங்கள் எல்லாரும். பேரும் பிறந்த தேதியும் கேட்டது, கொடுத்தோம்.

"ஏகமனதாக..." என்று டீடெரிக் ஆரம்பித்தபோது, காபிக் கோப்பைகளை எடுக்க வந்த மண்டபக் காவலாளி ஃபோக்யா நின்றாள்.

"எதுல ஓட்டுப் போட்டீங்க? இந்த மண்டபத்துக்கு இன்னும் வைஃபை இணைப்பே குடுக்கலியே!"

எல்லார் போனும் ஒரே சமயத்தில் ஒளிர்ந்து, நன்றி சொன்னது.