ஏட்டு வீட்டில்தான் இருக்கிறார்

நாயை ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாக அழைக்கும் ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் தெரு ஏட்டக்காதான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

சிறுசேரிக்குப் பின்னால், வயலாக இருந்து மனையாக மாறிய தெரு எங்களுடையது. காலையில் கம்பெனி வண்டிகள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனால், வரிசையாக எல்லா வீட்டிலும் பூட்டுதான். பகல் திருடர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அத்தனை பூட்டுகளுக்கு நடுவே வீட்டில் இருப்பவர் ஏட்டக்கா மட்டும்.

நாங்கள் குடிவந்த புதிதில், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்கும்: “ஏட்டு சார், நாஸ்தா துன்னீங்களா? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க.”

வீட்டுக்காரர் போலீஸ் போலிருக்கிறது என்று நானும் மனைவியும் நிம்மதியாக இருந்தோம். பொங்கலுக்கு ஏட்டு ஐயாவைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிடலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். வாசலில் தொப்பையைத் தரையில் பரப்பிக்கொண்டு ஒரு செவலை நாய் படுத்திருந்தது.

“ஐயா இல்லையாக்கா?”

“தோ, உன் கால்கிட்டதான் கீறாரு.”

ஏட்டு எழுந்திருக்காமலேயே ஒரு பழத்தை வாங்கிக்கொண்டார். அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

“தனியா கீற பொம்பளன்னு தெரிஞ்சா வுடுவானுங்களா? அதான் இவருக்கு ஏட்டுன்னு பேர் வெச்சிட்டேன்” என்றார்.

பெயர் நன்றாகவே காவல் காத்தது. நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று இரண்டு பேர் வந்தபோது, அக்கா உள்ளே திரும்பி, “ஏட்டு சார், யூனிபாரம் அப்பால போட்டுக்கலாம், மொதல்ல இங்க வாங்க” என்று குரல் கொடுத்திருக்கிறார். பவுடர் டப்பாவைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்கள். அடுப்படியில் ஏட்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பவுடரில் அக்கா குத்துவிளக்கைத் துலக்கி எடுத்தார்.

காரியம் கெட்டது, ஏட்டுக்கு ஒருநாள் கடமை உணர்ச்சி வந்ததில்தான். பழைய இரும்பு வாங்க வந்தவன் கேட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா வழக்கம்போல “ஏட்டு சார், வாங்க” என்றார். ஏட்டு வந்தேவிட்டார். வாலை ஆட்டினார். அவன் கையை நக்கினார்.

“இவுருதான் ஏட்டா?” என்று சிரித்துக்கொண்டே அவன் போனான். அதே வாரம் அக்கா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. ஏட்டு படுத்த இடத்தை விட்டு நகரவில்லை.

அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. “டூட்டில அப்டி இப்டி இர்க்கும்” என்று தடவிக்கொடுத்தார். அதன்பிறகு பகலிலும் கதவுக்குத் தாழ். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு பெண் பட்டப்பகலில் தன் வீட்டில் பயமில்லாமல் உட்கார, இல்லாத ஓர் ஆணைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

ஒருநாள் அக்கா செல்போனோடு வந்தார். “தம்பி, உன் கொரலு நல்லா கட்டையா கீது. நா போன் போட்டா ஏட்டு மாரி ரெண்டு வார்த்த பேசுவியா?”

சென்ற மாதம் ஆபீஸில் மீட்டிங். மேனேஜர் நின்று பேசிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“ஏட்டு சார், வாசல்ல ரெண்டு பேரு நின்னுகினு கீறாங்க. இன்னா சொல்றது?”

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. எழுந்து நின்று, “எவன்டா அவன்? அங்கேயே நில்லு, வர்றேன்!” என்று கத்தினேன். மேனேஜர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற இருவரும் அப்போதே கிளம்பிவிட்டார்களாம்.

இப்போது தினமும் மதியம் போன் வருகிறது. வாசலில் யாரும் இல்லாவிட்டாலும் வருகிறது. “ஏட்டு சார், துன்னீங்களா?” “ஆச்சும்மா” என்று நான் கட்டைக் குரலில் சொன்னால்தான் அக்காவுக்குச் சோறு இறங்கும். அந்தப் போன் வராத நாளில் எனக்கும் இறங்குவதில்லை.