எழுநூற்று நாற்பத்து மூன்று பேருக்குச் சம்மதம் சொன்னேன்

திருத்தணி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய ஹேமநாதன் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் தமயந்தி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நைனா, அம்மா, குட்டி கவிப்பிரியா, நான் நால்வரும் சுகம். நால்வரில் இருவர் ஐந்து நாளாகப் பேசிக்கொள்வதில்லை, மற்றபடி சுகம். பொதட்டூர்பேட்டையில் நீங்களும் அத்தையும் தறிகளும் நல்லபடி இருக்க வேண்டும். கவரைப் பிரிப்பதற்கு முன்னால் ஒட்டின இடத்தைப் பாருங்கள். சோற்றுப் பருக்கையால் ஒட்டி மேலே பேனாவால் மூன்று கோடு போட்டிருக்கிறேன், கோடு கலைந்திருந்தால் வழியில் யாரோ படித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் இதைப் படிக்கும்போது கவரைப் பிரித்திருப்பீர்கள் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. போகட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு யாரிடமும் வாய் திறந்து பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு அந்தப் போன் மேல் எனக்கு நம்பிக்கையும் போய்விட்டது.

விஷயம் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மலைமேல் கவிப்பிரியாவுக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக இருக்கிறது. உங்களுக்கு இன்னும் அழைப்பு வந்திருக்காது. வராது என்று நைனா சொல்கிறார். உங்கள் தெரு வழியாகப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பக்கமாகச் சுற்றிப் போய் லுங்கி எடுத்து வருகிறார். நீங்கள் அவருக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சொல்கிறார். மாமா, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

மூன்று வருடத்துக்கு முன் கவிப்பிரியா பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் பத்தாவதைப் பாதியில் விட்டேன் அல்லவா, அந்தப் பரீட்சையைத் தனியாக எழுதிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் எப்போது ரிசல்ட் என்று கேட்பார்கள், தவறிவிட்டால் அதையும் கேட்பார்கள். அதனால் நைனா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் துணிக்கட்டின் மேல் சாய்ந்து கண்ணசரும் நேரத்தில், நீங்கள் அவருக்கு வாங்கி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தீர்களே அந்தப் போனை எடுத்து, தனித்தேர்வர் விண்ணப்பம், டியூஷன், கணக்குப் பாடம் என்று தேடிப் பார்த்துவந்தேன். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் கீழேயிருந்து ஒரு கட்டம் எழுந்து வந்து, குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பச்சையில் பெரிதாக இருக்கும். யாராவது எதிரில் நின்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதுமே நாக்கு எழாது, கல்யாண வீட்டில் பாயசம் நாலு தரம் வாங்கிக்கொள்கிறவள் நான், ஏற்கிறேன் ஏற்கிறேன் என்று அழுத்திக்கொண்டே போனேன்.

போன வெள்ளிக்கிழமை காலை நைனா கடை திறந்து, கற்பூரம் காட்டி, வழக்கம்போல் போனில் ராசிபலன் படித்தார். வழக்கம்போல் சத்தமாக. "மேஷம். எடுத்த காரியம் கைகூடும். வாகன யோகம். பத்தாம் வகுப்பில் தவறியவரா நீங்கள்? கவலை வேண்டாம், இன்னும் காலம் இருக்கிறது..." அங்கே நிறுத்தினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திரும்பவும் மேஷம் படித்தார். "இன்னாடா இது, ராசிபலன்ல போயி..." என்று போனைக் கவிழ்த்து வைத்தார். பத்து நிமிடம் கழித்துச் செய்தி படிக்கத் திறந்தார். அங்கேயும் ஒரு பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை நீட்டி, கணக்கு என்றாலே பயமா என்று அவரைக் கேட்டிருக்கிறாள். நைனாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். "எனக்கும் ஹேமுவுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் இது! இருபத்தொம்போது வருசமா பொத்தி வச்சிகினு இருந்துட்டு இப்ப போன்ல போட்டு வுட்டுட்டானா?" என்று கல்லாப்பெட்டியிடம் கேட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நைனா கணக்கில் தவறியவர், பெண் பார்க்க வந்தபோது பாஸ் என்று சொன்னவர், கூடவே பரீட்சை எழுதிய நீங்கள் அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லாதவர். மாமா, நீங்கள் பெரிய மனுஷர்.

அம்மாவுக்குக் காரணம் தெரியாது, சண்டை மட்டும் தெரியும். அன்று சாயங்காலம், "எங்கண்ணனுக்கு எப்ப பத்திரிகை குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"குடுக்கல."

"தாய்மாமன் மடி இல்லாம எம் பொண்ணுக்குக் காது குத்தறதா?"

"மடிதான வேணும்? ஊர்ல மடிக்கா பஞ்சம்? ஆசாரி மடியிலயே உக்கார வச்சிக் குத்திகினு வந்துடலாம்."

"ஆசாரி குத்துவாரா, மடி குடுப்பாராங்க? ஒரு ஆளுக்கு எத்தினி கை?"

அன்றிலிருந்து இருவரும் கவிப்பிரியாவிடம் சொல்லி அனுப்பித்தான் பேசுகிறார்கள். அவளுக்கு மூன்று வயது. குழம்பு ஊத்து என்று சொல்லி அனுப்பினால் போய் அழுதுவிட்டு வருகிறாள்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் வாய் திறந்தேன், மூன்று தரமும் காற்றுதான் வந்தது. கடைசியில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மணியம்மை அக்காவிடம் போய், ஆதார் ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி எடுத்துவிட்டு, நான் தேடினது நைனா படிக்கும்போது எப்படி வருகிறது, மாமா செய்த வேலையா என்று மெதுவாகக் கேட்டேன். அக்கா சிரித்தது. "உங்க மாமா பாவம், அவுரு இன்னா பண்ணாரு? நீ போற எடமெல்லாம் ஒரு சீட்டை உம் போன்ல சொருவி வச்சிட்டுப் போறான். அதுக்குப் பேருதான் குக்கீ. மலைமேல செருப்பு வுட்டா டோக்கன் குடுக்கறான்ல? அந்த மாதிரி சீட்டு நல்லது. அது இல்லன்னா நீ திரும்பி வர்றப்ப யாருன்னே அவனுக்குத் தெரியாது, உள்ள வுடமாட்டான். இன்னொன்னு கீது, வெளம்பரக்காரன் வைக்கறது. நீ அடிவாரத்துல ஒரு கடையில மொட்டை எவ்ளோன்னு கேட்டா, மேல ஏறி வர்றதுக்குள்ள அத்தினி பேரும் மொட்டையா மொட்டையான்னு ஓடியாறான்ல, அது."

நிறுத்த முடியாதா என்று கேட்டேன். "ஆங், முடியும். எவன் ஏத்துக்கன்னு சொன்னான்? 'அமைப்புகள்'னு ஓரமா இருக்கும், அதைத் தொறந்து தேவையானது மட்டும்னு போடு" என்றது. பார்த்தேன் மாமா, இருந்தது. சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு. வேண்டாம் என்பவர்கள் எல்லாம் கண் நல்லாத் தெரிகிறவர்களாக இருக்க வேண்டும் போல. உள்ளே போனால், 'எங்கள் கூட்டாளிகள் 743 பேர்' என்று போட்டு ஒரு பட்டியல். நான் பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தவள். எழுநூற்று நாற்பத்து மூன்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அதில் சிலருக்குப் பொத்தான் ஏற்கெனவே போட்டே இருந்தது, நான் சொல்லாமலே. ஒவ்வொன்றாக அணைத்தேன். பாதியில் விரல் வலித்தது. அப்புறம்தான் அக்கா எல்லாவற்றையும் மொத்தமாக மறுக்கிற பொத்தானைக் காட்டியது. முன்னாலேயே ஏன் காட்டவில்லை என்று அக்கா மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

பிறகு உலாவியின் அமைப்பில் போய் மற்ற இடத்துக் குக்கீகளைத் தடுத்து, சேர்ந்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். பார்த்த பக்கங்களின் பட்டியலை மட்டும் அழிக்காதே, நைனாவுக்குச் சந்தேகம் வரும் என்று அக்கா சொன்னதால் அதைத் தொடவில்லை. பாரம் இறங்கினது போல வீட்டுக்கு வந்தேன். வந்த கொஞ்ச நேரத்தில் நைனா கத்தினார். லுங்கி மொத்த ஆர்டர் எடுக்கிற பக்கம் அவரை வெளியே தள்ளி, நீங்கள் யார், கடவுச்சொல் என்ன என்று கேட்டிருக்கிறது. அழித்ததில் டோக்கன் சீட்டும் சேர்ந்து போய்விட்டது. "பாத்தியா! அங்கேருந்தே பூட்டிட்டான் உங்க மாமன்! மொதல்ல மானத்தை வாங்கனான், இப்ப பொழப்பு!" என்றார். நான் காப்பாற்றப் போய் உங்கள் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் மாமா, குற்றம் முழுக்க என்னுடையது. நைனாவின் ரகசியத்தைப் போனுக்கு யாரும் சொல்லவில்லை, நான் என் பரீட்சையைத் தேடியது அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே வந்து அவரிடம் காட்டுங்கள். என் ஆசை வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் நான் கவிப்பிரியாவோடு சேர்ந்து மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன். நீங்கள் வராமல் அவள் காது குத்தக்கூடாது. அத்தைக்கு என் நமஸ்காரம். முருகன் உங்கள் தறிக்கு அறுந்துபோகாத பாவு நூல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட
தமயந்தி.

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை நைனாவிடம் காட்டாதீர்கள். அத்தைக்கும் காட்டாதீர்கள். கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ஒன்று நடந்தது. இரண்டு நாள் ஓய்ந்திருந்த கணக்கு டியூஷன்காரி இன்று காலை திரும்பவும் மேஷ ராசிக்குக் கீழே வந்து நின்றாள். நான் போனைத் தொடவே இல்லை. மணியம்மை அக்கா மேல் சந்தேகப்பட்டு, போனில் பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். நேற்று நான் குளிக்கப் போன நேரத்தில் 'நாற்பத்தைந்து வயதில் பத்தாவது எழுதலாமா' என்று ஒன்று தேடியிருந்தது. நைனாவுக்கு வயது நாற்பத்தைந்து. கீழே இறக்கிக்கொண்டே போனேன். 'அல்ஜீப்ரா சுலபமாக', 'தனித்தேர்வர் கட்டணம்', எல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்கு மூன்று வாரம் முன்னாலிருந்தே. ஆக மேலே நான் ஒப்புக்கொண்ட குற்றம் என்னுடையது இல்லை. அந்த விளம்பரமே நைனா தேடினதற்கு வந்ததுதானோ என்னவோ. போனைச் சரிசெய்து கொடுத்த நீங்கள், தான் தேடுவதை அங்கிருந்து பார்க்கிறீர்கள் என்று பயந்திருக்கிறார், பாவம். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதல் தடவையாக நானாக வாய் திறந்து, "நைனா, இந்த வெளம்பரம் எல்லாருக்கும் வருதாம்" என்றேன்.

"எல்லாருக்குமா?"

"ஆங்."

"ஹேமுவுக்கும் வருமா?"

"வரும் நைனா."

"அவன் பாஸ் ஆச்சே?"

"அது போனுக்குத் தெரியாது நைனா."

நைனா நெடுநேரம் சிரித்தார். பிறகு, "வரச் சொல்லு அவன. கொழந்தைக்கி மடி வேணுமில்ல?" என்று அம்மாவிடமே நேராகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். இனி எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். இந்த ஊரில் பரீட்சைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே அறை போட்டுவிடுவார்களோ என்று. போட்டால் நைனா முன்னால் உட்காரட்டும். பின்னால் உட்கார்ந்தால் என் பேப்பரைப் பார்ப்பார்.