மனசுக்குள் படிக்கத் தெரியாத ரேடியோ அக்கா

இந்தத் தீவில் எழுத்துக்கூட்டத் தெரிந்த அத்தனை பேரிலும், மனசுக்குள் படிக்கத் தெரியாத ஒரே மனுஷி ரேடியோ அக்காதான். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, புகாராகவும் சொல்லவில்லை. பல வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் தகவலாகச் சொல்கிறேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கப்பல் சரக்குக்கான பத்திரங்கள் தயாரிப்பது வேலை. அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கண்ணில் ஓர் எழுத்து பட்டால் வாய் அதைச் சொல்லியாக வேண்டும். சாஸ் பாட்டில் லேபிள், மருந்துச் சீட்டு, அடுத்தவர் சட்டையில் இருக்கும் வாசகம், எல்லாம். லிஃப்டுக்குள் நுழைந்ததும் "எட்டுப் பேருக்கு மட்டும்" என்று படித்துவிட்டு ஆட்களைப் பார்ப்பார். ஒன்பதாவது ஆள் தானாக இறங்கிவிடுவார்.

ஒரு நாள் மேனேஜர் அவருக்கு ரகசிய மின்னஞ்சல் அனுப்பினார். அலுவலகம் துவாஸுக்கு மாறலாம், இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று விஷயம். அதில் 'யாருக்கும் தெரிய வேண்டாம்' என்ற வரியைத்தான் அக்கா நிறுத்தி, நிதானமாக, ரொம்பத் தெளிவாகப் படித்தார். துவாஸ் இருப்பது இந்தத் தீவின் மறுகோடியில். அன்று மாலையே மேனேஜர் அறை வாசலில் கூட்டம். அலுவலகம் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறது.

"அக்கா, மனசுக்குள்ள படிக்கக் கூடாதா?" என்று மேனேஜர் தாழ்மையாகக் கேட்டார்.

"படிச்சுப் பாத்தேன் சார். ஒண்ணும் கேக்கல."

ஆங் மோ கியோவிலிருந்து நானும் அக்காவும் ஒரே ரயிலில்தான் வேலைக்கு வருவோம். அக்கா துப்பறியும் நாவலைப் பிரித்து, பாத்திரத்துக்கு ஒரு குரலாகப் படித்துக்கொண்டு வருவார். காதில் ஒயர் மாட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றுவார்கள். ஒருமுறை டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாற நாங்கள் இறங்கியதும், வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அக்கா, அந்தக் கதவ யாரு தொறந்தான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே எறங்கியிருக்கணும்."

நூலகத்தில் நிலைமை வேறு. அங்கே வேலை பார்க்கும் பெண் பலமுறை உதட்டில் விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில், சத்தம் அனுமதிக்கப்பட்ட ஒரே இடமான சிறுவர் பகுதிக்கு அக்காவை அனுப்பிவைத்தார். அக்கா கையில் இருந்த நாவலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். ரொம்ப அமைதியாக. வீட்டுக்குப் போன ஒரு சிறுமி, "அம்மா, விஷம் எந்தக் கடையில விக்கும்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அதற்கெல்லாம் அக்கா அசரவில்லை. ஓலைச்சுவடி பற்றிய ஒரு சொற்பொழிவுக்குப் போய்விட்டு, மறுநாள் ஆயுதத்தோடு அலுவலகம் வந்தார்.

"சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்களாம். வார்த்தைக்கு நடுவுல எடமும் கெடையாது. எல்லாம் ஒரே இழுப்பு. வாய்விட்டுப் படிச்சாத்தான் என்ன எழுதியிருக்குன்னே வெளங்கும். அந்தக் காலத்துல எல்லாரும் என்னை மாதிரித்தான் லா. நடுவுல வாய மூடிக்கிட்டது நீங்கதான்."

அன்றிலிருந்து நாங்கள்தான் வழக்கம் மாறியவர்கள் என்று ஆனது.

போன வருஷம் என் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டு, ஒரு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும் என்றார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டாக்டர். கண் டாக்டர் அந்தச் சமயத்தில் சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அக்கா வந்தார். கையில் தடிமனான நாவல்.

"கண்ணுதானே ரிப்பேர். காது வேலை செய்யுதுல்ல?"

பதிப்பகத்தின் முகவரியிலிருந்து ஆரம்பித்தார். உரிமை ஆசிரியருக்கு, அச்சிட்ட இடம், நன்றியுரை, எதையும் விடவில்லை. தினமும் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றதில் என் மனைவி அடுப்பில் வைத்த கத்தரிக்காய் அடிக்கடி கருகியது. நானும் குறை சொல்லவில்லை, தட்டு எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒரு நாள் நடுவில் கேட்டுவிட்டேன். "அக்கா, பார்வை வரலைன்னா என்ன பண்றது?"

அக்கா நிறுத்தினார். ஒரு வாக்கியத்தின் பாதியில் அவர் நிறுத்தியதை அன்றுதான் கேட்டேன்.

"வரலைன்னா என்ன தம்பி. எனக்கு ரிட்டயர்மெண்ட் வருது. வீட்டுல சும்மாத்தானே இருப்பேன்."

சொல்லிவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.

சில வாரம் கழித்துக் குமிழ் கரைந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த எழுத்துகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் படித்தேன். இனிமேல் புத்தகம் படிக்கலாம் என்றார் டாக்டர். நாவலில் இன்னும் சில அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. அன்றும் அக்கா வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சரி, இனி நீங்களே படிங்க" என்று புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு பத்தி படித்தேன். மூடி அவரிடமே நீட்டினேன்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குக்கா."

அக்கா பக்கத்தைப் பார்த்தார். நல்ல பெரிய எழுத்து. பிறகு என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா தம்பி, ரொம்பச் சின்ன எழுத்துதான்."