பூட்டை அனுப்பிவிடாதீர்கள், மாப்பிள்ளை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் நானும் உங்கள் அத்தையும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. காலமெல்லாம் பஸ்ஸில் பிரேக்கை மிதித்த கால் அது, இப்போது மாடிப்படியைக் கண்டாலே தானாக நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமென்றும், கோல் காக்கும் நம் கோலியின் சுண்டுவிரல் வீக்கம் வடிந்துவிட்டதென்றும் நம்புகிறேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் பந்துப் பேச்சு கூடாது என்பது என் மகள் போட்ட சட்டம். போன் செய்தால் எடுப்பதும் அவள்தான். "அப்பா, அவர் கோச்சா வீட்டுக்கு வரலை, புருஷனா வந்திருக்கார்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஆகையால் கிளப் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

விஷயம், நம் கால்பந்து அணியின் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் பூட்டைப் பற்றியது. அவனை ஆற்றுக்கு அக்கரை அணிக்குக் கொடுத்துவிடலாமா என்று நீங்கள் யோசிப்பதாக ஊரே பேசுகிறது. "உடனே கொடுத்துத் தொலையுங்கள்" என்று எழுதும்படிதான் ரசிகர்கள் என்னிடம் சொன்னார்கள். கோச்சின் மாமனார் என்ற ஒரே தகுதிக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆனால் எழுதச் சொன்னது ஒன்று, நான் எழுதப்போவது வேறொன்று. ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

பூட்டு என்று பெயர் வைத்ததே நாங்கள்தான். வந்த புதிதில் அவனைத் தாண்டி ஒரு ஈ போகாது. இந்த சீசனில் பூட்டு தொங்குகிறது, கதவு திறந்து கிடக்கிறது. எதிரணிக்காரன் ஓடி வரும்போது இவன் ஒதுங்கி நிற்கிற அழகைப் பார்த்தால், என் சர்வீஸில் ஆம்புலன்ஸுக்குக்கூட நான் அப்படி வழி விட்டதில்லை. கடைசியாக அந்த சேம்சைடு கோல். நம் கோலியே கை தட்டலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நேர்த்தியாக நம் கோலுக்குள்ளேயே தட்டினான். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து சீட்டு அம்மாவின் குடையை வாங்கித் தரையில் ஓங்கி அடித்தேன். அந்தம்மா குடையைத் திரும்ப வாங்கி, வளைந்த கம்பியை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டே, "அடிக்க வேண்டியதுதான் அண்ணா" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த சீசன் தொடக்கத்திலிருந்து கேலரியில் எனக்கு அடுத்த சீட்டு அவருக்கு. தனியாக வருவார், ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார், எனக்கும் ஒரு மூடியில் ஊற்றிக் கொடுப்பார். நான் ஆட்டத்தைப் பற்றி என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன். உங்கள் அத்தை கேட்பதில்லை, உங்கள் மனைவி கேட்பதில்லை, நீங்கள் கேட்பதில்லை என்று நான் குறை சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன். நான் பூட்டைத் திட்டினால் அந்தம்மாவும் கூடவே திட்டுவார். "இவனுக்கு இடது பக்கம் திரும்பவே தெரியலையே" என்று நான் சொன்னால், "பொறந்ததிலேருந்தே அப்படித்தான்" என்பார். "எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது போல" என்றால், "கேக்கற மாதிரி தலையாட்டுவான், கேக்க மாட்டான்" என்பார். ஆட்டத்தை எவ்வளவு ஆழமாகக் கவனிக்கிறார் பாருங்கள் என்று நானும் மெச்சிக்கொண்டேன். சரியான ரசிகை என்று உங்கள் அத்தையிடம்கூடச் சொல்லி, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த சேம்சைடு கோலுக்கு மறுநாள் நம்ம சலூன்ல ரசிகர் கூட்டம். சலூன்காரர், வயர்மேன், நான், இன்னும் ரெண்டு மூணு பேர். நாற்காலியில யாரோ ஒரு வாடிக்கையாளர், கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி, முகத்து மேல சுடு தண்ணியில முக்கிப் பிழிஞ்ச துண்டு, பார்சல் கட்டி வெச்ச மாதிரி சாஞ்சு கிடக்கார். நான்தான் பேச்சை ஆரம்பிச்சேன். டிரான்ஸ்ஃபர்ங்கறது கெட்ட வார்த்தை இல்ல, டிப்போவுல ஒழுங்கா ஓட்டாதவனை அடுத்த டிப்போவுக்கு மாத்தறதில்லையா, அதேதான், அக்கரைக்காரன் கேக்கறான், கையோட கொடுத்துட்டு கும்பிடு போடுங்கன்னேன். வயர்மேன், "அவன் இடத்துல மின்கம்பத்தை நட்டிருந்தாக்கூட நாலு பேரு முட்டிக்கிட்டு விழுந்திருப்பாங்க"ன்னார். சலூன்காரர் மட்டும் ஒண்ணும் பேசாம புருவத்தை மேலயும் கீழயும் ஆட்டறார், கத்தரிக்கோலால நாற்காலியைக் காட்டறார், உதட்டைப் பிதுக்கறார். கண்ணுல முடி விழுந்துடுச்சு போலன்னு நினைச்சு, "ஊதி விடட்டுமா"ன்னு கேட்டேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டார். நான் அவன் தப்பையெல்லாம் விரல் விட்டு வரிசையா சொல்லிக்கிட்டே போறேன். சொல்லி முடிச்சதும் துண்டுக்குள்ளேருந்து ஒரு குரல்.

"ஒண்ணை விட்டுட்டீங்க. மழையில ஆடின மேட்ச்ல, நான் உதைச்ச பந்து நம்ம ஆளு முதுகுல பட்டு அவங்க காலுக்குப் போச்சே, அதையும் சேர்த்துக்கங்க."

துண்டை எடுத்தான். பூட்டு! முகமெல்லாம் சிவந்து ஆவி பறக்குது. அது துண்டோட சூடா, எங்க பேச்சோட சூடான்னு தெரியலை.

மாப்பிள்ளை, அந்த நிமிஷம் நாங்க அடிச்ச பல்டியை நீங்க பார்த்திருக்கணும். "அது உன் தப்பில்ல தம்பி, அவன் ஏன் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்"னேன் நான். சலூன்காரர், புல்லு ஈரம், அதான் வழுக்குதுன்னார். வயர்மேன் எல்லாருக்கும் மேல போயிட்டார். "தப்பு என்னுது தம்பி. மைதானத்து லைட்டை நான்தான் மாட்டினேன். கோணம் சரியில்ல, அந்த சேம்சைடு கோலப்போ உன் கண்ணைக் கூசியிருக்கும்"னார். பூட்டு அவரைப் பார்த்து, "அண்ணே, அது பட்டப்பகல் மேட்ச்"ன்னான்.  

அப்புறம் அவனே பேசினான். குரல்ல கோபமே இல்ல, அதான் எனக்குத் தாங்கலை. "நீங்க சொல்றது எல்லாம் சரிதான். எனக்கே தெரியுது. முன்னெல்லாம் பந்து வந்தா காலு தானா போகும். இப்போ பந்து வரும்போது தலைக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க. முன்னால போன்னு ஒரு வாட்டி, ஏன் போனேன்னு ஒரு வாட்டி. நான் எதைக் கேக்கறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள அவன் கோல் அடிச்சுட்டுப் போயிடறான்."

"யாருப்பா அப்படிக் குழப்பறது? கோச்சா?"ன்னு கேட்டேன். உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கங்க, அந்த நேரத்துல அப்படித்தான் தோணிச்சு.

"கோச் இல்லீங்க. பக்கத்து சீட்டு மாமா."

எனக்கு ஒண்ணும் புரியலை. அதுக்குள்ள சலூன் கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னுமா முடியலை? வீட்டைப் பூட்டாம வந்துட்டேன்டா"ன்னாங்க. கையில குடை. ஒரு கம்பி வளைஞ்சிருந்துது.

என்னைப் பார்த்ததும் அந்தம்மா முகத்துல வந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்லுவேன்! "டேய், இவர்தான்டா! நான் சொல்லுவேனே, பக்கத்து சீட்டு அண்ணா, இவர்தான்!" அம்மாவுக்கு அண்ணன்னா பிள்ளைக்கு மாமாதானே. அந்த மாமா, சிவந்த முகத்தோட உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்க்க முடியாம, சுவத்துல மாட்டியிருந்த விதவிதமான முடிவெட்டுப் படங்களை ஒண்ணு விடாம பார்த்துக்கிட்டு நின்னேன்.

நடந்தது இதுதான். அவங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் பையன்கூட உட்கார்ந்து, இங்க இப்படி நின்னிருக்கணும், அங்க அப்படிப் போயிருக்கணும்னு சொல்லுவாராம். போன சீசன் முடிஞ்ச கையோட அவர் போயிட்டார். அம்மாவுக்குப் பந்தாட்டம் தெரியாது. பையன் மேட்ச் முடிஞ்சு வந்து பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போறதைப் பார்க்க முடியலை. அதனால கேலரியில சீட்டு வாங்கினாங்க. "அம்மான்னு தெரிஞ்சா எல்லாரும் நல்லா ஆடறான், நல்லா ஆடறான்னு சொல்லுவாங்க அண்ணா. அதை வெச்சு நான் என்ன பண்றது? நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க. நீங்க சொன்னது ஒண்ணு விடாம இவன்கிட்ட சொல்லிடுவேன். கூடத் திட்டினாத்தானே நீங்க இன்னும் சொல்லுவீங்க, அதான் நானும் திட்டினேன்."

 ஒரு வாரம் நான் என்ன சொன்னேன்? ஆளைப் பார்க்காதே, பந்தைப் பாருன்னு. அடுத்த வாரம் என்ன சொன்னேன்? பந்தையே பார்த்துக்கிட்டு ஆளை விட்டுட்டானேன்னு. ஏறி ஆடுன்னேன், ஏறினா ஏண்டா ஏறினேன்னேன். இதையெல்லாம் செத்துப்போன தகப்பன் சொன்ன மாதிரி நினைச்சு அந்தப் புள்ள ஒண்ணொண்ணா செஞ்சு பார்த்திருக்கான். உங்களுக்கும் நான் மாமா, அவனுக்கும் நான் மாமா. நீங்க புத்திசாலி, நான் வாயைத் திறந்தாலே பேத்தியைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடறீங்க. அவனுக்கு அந்த வசதி இல்லாம போச்சு.

"அம்மா, நான் பஸ் ஓட்டினவன். பந்து விளையாடினவன் இல்ல"ன்னேன்.

அந்தம்மா குடையைச் சுவத்துல சாத்தி வெச்சாங்க. "அப்போ உங்களுக்கு ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதும்மா."

இந்த வார்த்தையை என் வாயால கேக்கறதுக்கு வயர்மேன் எத்தனை வருஷம் காத்திருந்தார்னு உங்களுக்கே தெரியும். ஆனா அவர்கூட சிரிக்கலை.

அடுத்த மேட்ச்சுக்கு அந்தம்மா வர மாட்டாங்கன்னு நினைச்சேன். வந்தாங்க. டீயும் ஊத்திக் கொடுத்தாங்க. நான் வாயைத் திறக்கறதில்லைன்னு தீர்மானமா உட்கார்ந்திருந்தேன். "எப்படி ஆடறான் அண்ணா?" "நல்லா ஆடறான்." "பார்த்தீங்களா, நீங்களும் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க." பேச்சை மாத்தி, அவங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு கேட்டேன். அவ்வளவுதான். பையன் சின்னதுல அலமாரிக் கதவைக் கோல் போஸ்ட்டா வெச்சு ஆடினது, அதுக்கு அப்பா கோலியா நின்னு மூக்குக் கண்ணாடியை உடைச்சுக்கிட்டது, பையன் முதல் மேட்ச்ல அவர் ஓரமா நின்னு அழுதுட்டு கண்ணுல தூசின்னு சொன்னதுன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. திடீர்னு கேலரியே எழுந்து நின்னு கத்துது. என்ன ஆச்சுன்னு முன் வரிசைக்காரனைக் கேட்டா, "ஏன் சார், கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்கறீங்களா? கோலுக்குள்ள போக இருந்த பந்தைப் பூட்டு பாய்ஞ்சு வெளியே உதைச்சுட்டான்!"ங்கறான். நாங்க ரெண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்ல மாப்பிள்ளை. ஆட்டம் கோல் இல்லாம முடிஞ்சது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், நாங்க பார்க்காத நேரத்துல அவன் நல்லா ஆடறான். அந்தம்மா குடையால என் முழங்காலைத் தட்டி, "இன்னிக்கு அவன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையே அண்ணா"ன்னு சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி. தட்டினது வலிக்கிற காலுதான், நான் சொல்லிக்கலை.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, சலூனில் மறுபடியும் கூடிப் பேசி எல்லோரும் ஒரே மனதாக முடிவு செய்திருக்கிறோம். பூட்டை அக்கரைக்கு அனுப்பாதீர்கள். அவன் கெட்டுப்போனது அவனால் அல்ல, அது சரியாகிக்கொண்டு வருகிறது. இன்னும் கொஞ்ச காலம் அவனை ஆடவிடுங்கள். அவர்கள் எவ்வளவு நல்ல ஆளை மாற்றாகக் கொடுத்தாலும் வேண்டாம். இது மாமனாரின் கட்டளை அல்ல, ஒரு ரசிகனின் விண்ணப்பம். கட்டளையாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் ஒற்றுமையோடும், குழந்தை ஆரோக்கியத்தோடும், அணி புள்ளிப் பட்டியலில் மேல் பாதியிலும் நெடுங்காலம் இருக்க வேண்டுமென்று மனதார வாழ்த்துகிறேன். உங்கள் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். எதைப் பற்றி எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டறதுக்கு முன்னால பூட்டும் அவங்கம்மாவும் வீட்டுக்கு வந்தாங்க. அவன் அக்கரைக்குப் போறானாம். யாரும் அனுப்பலை, அவனே முடிவு பண்ணிட்டானாம். நான் மேலே எழுதினதையெல்லாம் படிச்சுக் காட்டி வாதாடிப் பார்த்தேன். பொறுமையா கேட்டுட்டு, "மாமா, அங்க என்னை யாருக்கும் தெரியாது. கொஞ்ச காலம் யார் சொல்றதையும் கேக்காம ஆடிப் பார்க்கறேன். தப்புப் பண்ணினாலும் அது என் தப்பா இருக்கட்டும்"னான்.  உங்க அத்தைதான் "அவன் சொல்றதுல என்ன தப்பு"ன்னு கேட்டா. அதனால மேலே உள்ளதையெல்லாம் அடிச்சுட்டு, அவனைத் தடுக்காம சந்தோஷமா சம்மதம் சொல்லி அனுப்பி வைங்க. இன்னொண்ணு, இதை ரசிகனா கேக்கலை, ரசிகன் கேக்கவும் கூடாது: அக்கரை அணி நம்ம மைதானத்துக்கு ஆட வரும்போது, அவன் நிக்கிற பக்கமா மட்டும் பந்தைக் கொண்டு போக வேண்டாம்னு நம்ம பசங்ககிட்ட சொல்லி வைங்க. பாவம், புது இடம்.