தாடிக்காரர் உட்கார்ந்த இடம்

உக்குவளை
11.12.1967

அன்பும் மரியாதையும் உள்ள நானாவுக்கு, தங்கை ஹிதாயா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, மதினி, உங்கள் பிள்ளைகள் இருவர், எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் சுகம். லண்டன் குளிரில் உங்கள் நோன்பு லேசாக அமைய துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

நீங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிய கிறிஸ்மஸ் ஒட்டுப்படப் புத்தகம் மூன்று நாளைக்கு முன் வந்தது. பனி மூடிய வீடு வரைந்த பக்கத்தில் மான், மணி, சிவப்புச் சட்டைத் தாடிக்காரர் எல்லோரையும் அவரவர் இடத்தில் ஒட்ட வேண்டுமாம். முதுகில் பசை, தபால் தலை போல நக்கி ஒட்டுவது. பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் ஒரு மூலையில் இருப்பார்கள் என்று மதினி அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். நாக்கை நீட்ட வேண்டிய சாமானை நோன்பு மாதத்தில் அனுப்பியிருக்கிறீர்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

உங்கள் மூத்தவள் றமீஸாவுக்கு இது முதல் நோன்பு. "நக்கினா நோம்பு முறிஞ்சிரும்டா" என்று தம்பியை அதட்டினாள். பலீல் தண்ணீரில் முக்கினான், பசை கரைந்து போனது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்தது. நானா, நோன்புக் கஞ்சி. தேங்காய்ப் பாலும் வெள்ளைப்பூண்டும் போட்ட கஞ்சி. அதில் விரலை விட்டு வீடு முழுக்க ஒட்டிவிட்டார்கள். கதவில் மணி, அலுமாரியில் மரம், எல்லாவற்றுக்கும் பின்னால் எறும்பு. வாப்பாவின் தொப்பியில் ஒரு மான். அதோடுதான் அவர் அஸர் தொழுகைக்குப் போயிருக்கிறார். பின் வரிசையில் நின்ற ஜைனுதீன் காக்கா நாலு ரக்அத்தும் மானைப் பார்த்தே தொழுதாராம். "ஒங்கட தொப்பி எங்க வாங்கின, ஹாஜியார்?" என்று கேட்டபிறகுதான் வாப்பா தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்.

இது பெரிதில்லை. என் பட்டச் சான்றிதழை வாப்பா மேசையில் வைத்திருந்தார். நேற்று நோன்பு திறக்க யட்டவத்தையிலிருந்து ஸக்கரியா மாஸ்டரை அழைத்திருந்தார், அதை ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்ட. மகள் முதல் வகுப்பில் தேறினாள் என்று மாத்தளைக் கடைத்தெருவுக்கே பர்பி கொடுத்த மனிதர், அந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். அவ்வளவுதான் ஆசை. பேரீச்சம்பழம் முடிந்து, தேநீர் முடிந்து, மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை விரித்தால், என் பெயருக்குக் கீழே, வரிக்கு நடுவில், சிவப்புச் சட்டைத் தாடிக்காரர் உட்கார்ந்து சிரிக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இது யாரு?" என்றார் மாஸ்டர்.

"நான் அதுல ஒட்டல்ல மாமி," என்றாள் றமீஸா, என் முகத்தையே பார்த்து. பலீலும் தலையை ஆட்டினான். மதினி இரண்டு பேர் முதுகிலும் ஒவ்வொன்று வைத்தார். மாஸ்டர் நகத்தால் சுரண்டினார். கஞ்சி காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி, அசையவில்லை. "பிச்சா எழுத்தும் சேந்து வந்திரும்," என்றார்.

"வேணாம், விடுங்க மாஸ்டர்," என்று வாப்பா வாங்கிக்கொண்டார். தாடிக்காரரின் வயிற்றை விரலால் மெல்லத் தடவினார். "இதுக்குக் கீழதான் இரிக்குது. எனக்குத் தெரியும்," என்றார்.

நானா, இனிமேல் இந்த வீட்டுக்கு ஒட்டும் சாமான் எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும். மதினியின் ஸலாமும் பிள்ளைகளின் முத்தமும் இதில் அடக்கம்.

இப்படிக்கு,
தங்கை ஹிதாயா

பி.கு.: றமீஸா பொய் சொல்லவில்லை. அடி வாங்கியதற்கு என் பெருநாள் துணியை அவளுக்குத் தைக்கக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் முதல் வகுப்பு என்று இல்லை; சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி என்றுதான் இருந்தது. வாப்பா பர்பி பெட்டியோடு கிளம்பியபோது மறித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசித்ததும் கிழித்துவிடுங்கள். தாடிக்காரர் இன்று காலை ஒரு மூலையில் பெயரத் தொடங்கியிருக்கிறார். அதே அளவில் இன்னொருவர் வேண்டும், பெருநாளைக்கு முன்.