நீர்நாடியாரின் வலது கை

தண்ணீருக்கு நாடி உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். முதல் மாடிப் பேராசிரியருக்குக்கூடத் தெரியும்! ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் ஏந்தியபடி, கைக்குழந்தையைத் தூக்கிவந்தது போல, கீழ்த்தளக் கூடத்தில் வரிசை கட்டி நின்றார்கள். வைத்தியம் பார்க்க வந்திருந்தவர் நீர்நாடியார்.

கிண்ணத்துத் தண்ணீர்மேல் ஒரு தையல் ஊசியை மெல்லப் படுக்க வைப்பார். மிதக்கும். பிறகு கண்ணை மூடி, வலது ஆள்காட்டி விரலால் தண்ணீரைத் தொடுவார். ஊசி சட்டென்று மூழ்கிவிடும்.

"செத்த தண்ணி" என்பார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அடுத்துத் தம் பாட்டிலிலிருந்து 'உயிர்நீர்' ஊற்றி, ஊசியை மிதக்கவிட்டு, இடது விரலால் தொடுவார். ஊசி அசையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் பாதி பாட்டில்கள் விற்றுப்போய்விடும்.

வரிசையில் முதலில் நின்றவள் தையற்காரி. அவள் கணவர் லாரி ஓட்டுநர், சர்க்கரை நோயாளி. 'உயிர்நீர் உள்ளே போனா இன்சுலின் எதுக்கு?' என்று போன வாரம் நீர்நாடியார் கேட்டதிலிருந்து மனிதர் இன்சுலினை நிறுத்திவிட்டார். இப்போது நாக்கு வறண்டு நாற்காலியில் துவண்டு கிடந்தார்.

"கழிவு வெளியேறுது. நல்ல அறிகுறி" என்றார் நீர்நாடியார். ஆள் போய்ச் சேர்ந்திருந்தால் முழுக் குணம் என்று சொல்லியிருப்பார்.

அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திறங்கினாள் ஓட்டுநரின் தங்கை, பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அண்ணனைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"ஒரே ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்மா..."

இழுத்தாலும் அவர் வரமாட்டார் என்று புரிந்தது. அவள் நீர்நாடியார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எங்க தண்ணிய இடது விரலால தொடுங்களேன்."

"இடது கை கொடுக்கிற கைம்மா. வலது கைதான் நாடி கேக்கும்."

"சரி, வலது கையையே கழுவிட்டுத் தொடுங்க."

நீர்நாடியார் முகம் வெளிறியது. "கழுவினா சக்தி போயிடும்!"

தண்ணீருக்கே வைத்தியம் பார்ப்பவருக்குத் தண்ணீர் பட்டால் ஆகாதாம்! பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"உங்க உயிர்நீர்லயே கழுவுங்க. சக்தி கூடத்தானே செய்யும்?" என்று அவர் கையைப் பிடித்துப் பாட்டிலைக் கவிழ்த்துத் தேய்த்தாள்.

நுரை பொங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசனை கூடமெங்கும் பரவியது.

அந்த நுரையில் ஒரு துளி எடுத்து, மேசையில் ஊசி மிதந்துகொண்டிருந்த உயிர்நீர்க் கிண்ணத்தில் வைத்தாள். ஊசி மூழ்கியது.

"ஐயோ, உங்க உயிர்நீரும் செத்துப்போச்சே!"

கூடம் அதிரச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் அண்ணன் முன் மண்டியிட்டாள். "தண்ணியோட துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும்ணே. அந்தப் பிடிமேலதான் ஊசி படுத்திருக்கு. சோப்பு பட்டா பிடி தளர்ந்துடும். வேர்லேர்ந்து உச்சி இலைக்குத் தண்ணி ஏற உதவுறதும் அதே பிடிதான். ரத்தத்துல உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் கரைச்சுச் சுமக்கிறதும் சாதாரணத் தண்ணிதான். ஆனா அதுக்குச் சர்க்கரையைக் கரைக்கத்தான் தெரியும், உன் வியாதிய அடக்கத் தெரியாது. இன்சுலின் இல்லேன்னா நீ செத்துடுவேண்ணே!"

தையற்காரி அழுதுகொண்டே கணவரின் தோளைத் தாங்கினாள். இந்த முறை அவர் எழுந்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் பேராசிரியர். அக்குளில் இரண்டு பாட்டில்கள். நீர்நாடியாரோ கை ஈரம் காயுமுன் காணாமல் போயிருந்தார்.

ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்து அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். மனைவி குழாயில் பிடித்துக் கொடுத்தாள்.

நீர்நாடியார் எங்கும் போய்விடவில்லை. உங்கள் தெருவுக்கும் வருவார், வேறு பெயரில், வேறு பாட்டிலோடு. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "ஐயா, முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."